டாக்டர் சின்னப்பாப்பா யார்?

கருவடிக்குப்பம்,
புதுச்சேரி,
12.11.2003

அன்பு மகள் அன்புசெல்விக்கு, அம்மா பச்சையம்மாள் எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முட்டி மட்டும் அந்தப் புண்ணியத்தில் சேரவில்லை. பெர்லின் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும், தலைக்குக் குல்லா போடாமல் வெளியே போகாதே, அங்கே யாரும் உன்னைப் பெண் பார்க்க வரப்போவதில்லை.

போனில் சொன்னால் கத்துவாய், அதனால்தான் கடிதம். ஆடி மாதம் அழுதாயே, கம்ப்யூட்டரை வைத்து உயிர்களை ஆராய்கிறவர்கள் பேசிக்கொள்ள இன்டர்நெட்டில் ஒரு குழு ஆரம்பித்தேன், ஒரு மாதமாகியும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, மூடிவிடப் போகிறேன் என்று. எனக்குச் சோறு இறங்கவில்லை. முப்பது வருஷம் மீன் விற்றவளுக்கு இது தெரியாதா, போணி ஆகாத கூடைப் பக்கம் எவளும் வரமாட்டாள். மார்க்கெட்டில் புதிதாக ஒருத்தி உட்கார்ந்தால் நாங்கள் நாலு பேர் அவள் கூடையைச் சுற்றி நின்று விலை கேட்டுச் சண்டை போடுவோம், கூட்டத்தைப் பார்த்து நிஜ ஆள் வரும். ஊரார் பெண்ணுக்குச் செய்வதைப் பெற்ற பெண்ணுக்குச் செய்யாமல் இருப்பேனா? சாரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் நிர்மலாதேவியிடம் போனோம். நாங்கள் தமிழில் சொல்லச் சொல்ல அவள் இங்கிலீஷில் அடித்தாள். செல்வாம்பாள், தனக்கொடி, நான் என்று எங்கள் வரிசையில் மீன் விற்கும் ஐந்து பேரும் உன் குழுவில் சேர்ந்தாயிற்று. வெறும் பேருக்கு மதிப்பிருக்காது என்று அவளே எல்லோருக்கும் முன்னால் டாக்டர் போட்டுவிட்டாள். நீ இத்தனை வருஷம் படித்தும் இன்னும் வராத பட்டம் செல்வாம்பாளுக்கு அரை நிமிஷத்தில் வந்தது. உன் ஆராய்ச்சியே வீண் என்று எழுதியது தனக்கொடி, எழுதச் சொன்னது நான். சண்டை இல்லாமல் கூட்டம் சேராது, கோபித்துக்கொள்ளாதே.

போன வாரம் நீ போனில் பேசினாய். "அம்மா, டாக்டர் சின்னப்பாப்பான்னு ஒருத்தங்க கேட்ட கேள்வியிலதான் குழுவே முழிச்சிக்கிச்சு. மார்ச் மாசக் கூட்டத்துல பேச அவங்களக் கூப்புடப் போறேன், புரபசர்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றாய். அழைப்பு போய் ஆள் யாரென்று தெரிந்தால் உன் மானம் கப்பலேறும். அதனால் சொல்கிறேன், அந்தச் சின்னப்பாப்பா நான்தான். சொந்தப் பேரைப் போட்டால் மாட்டிக்கொள்வேன் என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

ஆனால் கேள்வி நாடகமில்லை. தலையும் தோலும் எடுத்துச் சதையை மட்டும் கொடுத்தால் அது மத்தி மீனா கவலை மீனா என்று எனக்கே தெரியாது, உன் கம்ப்யூட்டர் சொல்லுமா என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். நீ என்ன படிக்கிறாய் என்று கேட்கும்போதெல்லாம் "உனக்குப் புரியாதும்மா" என்பாய். டாக்டர் கேட்டதும் இரண்டு பக்கம் எழுதினாய். நிர்மலாதேவி அதைத் தமிழில் சொல்ல, எல்லாம் புரிந்தது அன்பு. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

என் கேள்விக்குக் குழுவில் பதில் போட்ட ஜப்பான்காரரும் பிரேசில் அம்மாவும் நாங்கள் நிறுத்திய ஆட்களில்லை, தானாக வந்தவர்கள். அதனால் குழுவை மூடாதே. புரபசரிடம் உண்மையைச் சொல்லிவிடு, சிரிக்கத் தெரிந்தவராக இருந்தால் பிழைத்தாய். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. அப்பாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம், எடுத்த காரியம் எல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றை மறக்காதே. மற்ற நாலு டாக்டர்களையும் குழுவிலிருந்து எடுத்துவிடு. சின்னப்பாப்பாவை மட்டும் எடுக்காதே, நீ அவளுக்குத்தான் பொறுமையாகப் பதில் சொல்கிறாய்.

இப்படிக்கு,
உன் அம்மா
பச்சையம்மாள்