கோட்டை வாசலில் குறுக்கே வந்த விசில்

அனுப்புநர்:
லிஃப்ட் பழுதுபார்ப்பவர்,
துணிக்கடை மாடி,
பேருந்து நிலையச் சாலை.

பெறுநர்:
நிர்வாக அலுவலர் அவர்கள்,
பழைய கோட்டைப் பராமரிப்பு அலுவலகம்.

பொருள்: கோட்டை வாசலில் நான் ஒரு பெண்ணிடம் திருமணத்திற்குச் சம்மதம் கேட்ட வேளையில், தங்கள் பெண் காவலர் குறுக்கே புகுந்து படத்தையும் காரியத்தையும் கெடுத்தது – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம் சொல்லித்தான் தொடங்குகிறேன். முடிக்கும்போதும் இதே பணிவு இருக்கும் என்று உறுதி தர இயலவில்லை.

1. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பாளராக இருக்கும் பெண், அங்குள்ள லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டபோது கதவைத் திறந்து அவரை வெளியே கொண்டுவந்தவன் நான். அப்படித்தான் எங்களுக்குள் பழக்கம். அவருக்குத் தெரியாமல் எல்லா ஏற்பாடும் செய்து, கோட்டை வாசலில் வைத்துச் சம்மதம் கேட்பது என்று முடிவெடுத்தேன். அந்தக் கணத்தைப் படமெடுக்க, கல்யாண வீடுகளில் படமெடுக்கும் என் அக்காவின் கணவர் ஒப்புக்கொண்டார்.

2. நேற்று மாலை வாசலில் நல்ல கூட்டம். அக்காவின் கணவர் ஒரு தூணருகே ஸ்டாண்டில் கேமராவைப் பொருத்தி, கதவின் வேலைப்பாட்டைப் படமெடுப்பவர்போல் நின்றார். நான் வளைவுக்கு நேர் கீழே மண்டியிட்டு மோதிரத்தை நீட்டினேன். மேற்படி பெண் முதலில் திகைத்தார், பிறகு சிரித்தார், பிறகு சரி என்று தலையசைத்து விரலை நீட்டி மோதிரத்தைப் போட்டுக்கொண்டார். இது நடந்தது. இதை யாரும் மறுக்க முடியாது.

அதே நேரத்தில் தங்கள் காவலர் விசில் ஊதிக்கொண்டு எங்களுக்கும் கேமராவுக்கும் நடுவில் வந்து, எங்களைப் பார்த்து நின்றார். ஸ்டாண்ட் வைத்துப் படமெடுக்க அனுமதி இல்லையாம். ஆகவே படத்தில் இருப்பது அவருடைய முதுகு. முதுகு மிக நன்றாக விழுந்திருக்கிறது.

3. அனுமதி இல்லை என்று சொல்லும் பலகையைத் தேடிப் போனேன். கழிப்பறைச் சுவருக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி இருக்கிறது. கேமராவை எடுத்துக்கொண்டு அங்கே யார் போவார்கள் என்பதைத் தங்கள் அலுவலகம்தான் விளக்க வேண்டும்.

4. நான் காவலரிடம் கத்தியதாகத் தங்களுக்கு அறிக்கை வந்திருக்கலாம். நான் கத்தவில்லை. லிஃப்ட் குழியின் மேலிருந்து கீழே நிற்பவருக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல் இது. “கண்ணு தெரியலன்னா வீட்ல உக்காரு” என்று நான் சொன்னதாகவும் சொல்வார்கள். அவசரத்தில் மரியாதை விகுதி விடுபட்டிருக்கலாம். அவருக்கு என் அம்மாவின் வயது இருக்கும் என்பதைக் கூட்டத்தில் ஒருவர் சுட்டிக்காட்டினார். அவரிடம் நான் யோசனை கேட்கவில்லை.

5. இதற்குள் அக்காவின் கணவர், “முகமே விழல மாப்ளே, இன்னொரு தடவ கேளு” என்றார். ஸ்டாண்டை மடக்கிவிட்டுக் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டார். அது அவர் தொழில் வழக்கம். தாலி கட்டுகிறவரையே திரும்பக் கட்டச் சொன்னவர் அவர். எனவே நான் மேற்படி பெண்ணின் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றி வாங்கி, மறுபடி மண்டியிட்டேன். “அப்பதான் தெரிஞ்ச மாதிரி ஆச்சரியமா பாருங்கம்மா” என்று அக்காவின் கணவர் அவருக்கு வழிகாட்டினார். ஆனால் மேற்படி பெண் என்னைப் பார்க்கவில்லை. விசிலைக் கைக்குள் பொத்திக்கொண்டு ஓரமாக நின்ற தங்கள் காவலரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டு முடித்ததும் வேண்டாம் என்று தலையசைத்தார்.

இந்தப் படம் துல்லியமாக வந்திருக்கிறது. வளைவு, வெளிச்சம், முகம், எல்லாம்.

6. பிறகு அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “லிஃப்ட்டுக்குள்ள நான் அழுதப்போ, ‘பதறாதீங்க, நான் இருக்கேன்’னு பொறுமையா சொன்ன ஆளு நீங்கதானா?” காவலரிடம் போய் ஏதோ பேசிவிட்டுப் பேருந்து ஏறினார். இன்று காலையிலிருந்து என் அழைப்பை எடுக்கவில்லை. மருத்துவமனை எண்ணுக்கு அழைத்தால், பல் வலியா என்று வேறு யாரோ கேட்கிறார்கள். மோதிரம் என் சட்டைப் பையில் இருக்கிறது. அதை வீட்டில் எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

இத்தனைக்கும் காரணம் ஒரு விசில். ஆகையால்:

7. மேற்படி காவலரிடம் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்க வேண்டும். பலகையை மனிதர்கள் நடமாடும் இடத்தில் வைக்க வேண்டும்.

8. வாசல் வளைவின் மேல் தங்கள் அலுவலகத்தின் கண்காணிப்புக் கேமரா ஒன்று இருக்கிறது. காவலரின் முதுகு அதை மறைத்திருக்காது. பழைய பதிவுகள் தானாக அழிந்துவிடும் என்று விசாரித்து அறிந்தேன். மேலே உள்ள இரண்டையும் தங்கள் அலுவலக வழக்கப்படி கிடப்பில் போட்டாலும் போடுங்கள். இதை மட்டும் உடனே எடுத்துத் தர வேண்டுகிறேன். மேற்படி பெண் முதல் முறை சரி என்று சொன்னதை நான் அவருக்குக் காட்ட வேண்டும். ஒலி தேவையில்லை. நான் மண்டியிட்டதிலிருந்து அவர் தலையசைத்தது வரை போதும். அதற்குப் பின் உள்ள பகுதியைத் தயவுசெய்து வெட்டிவிட்டுத் தரவும்.

இடம்: துணிக்கடை மாடி
நாள்: திங்கட்கிழமை

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
லிஃப்ட் பழுதுபார்ப்பவர்

இணைப்பு: காவலரின் முதுகு தெரியும் படம் ஒன்று. மற்றொரு படத்தை இணைக்க விருப்பமில்லை.