நாலு பேருக்கு ஒரே விசா

மார்ச் 3, செவ்வாய்

விசா கிடைத்துவிட்டது. நாங்கள் படிக்க வந்திருக்கும் இந்த நாட்டுக்குப் பக்கத்து நாட்டின் தலைநகரில் சனி, ஞாயிறு இரண்டு நாள். தனித்தனியாகக் கேட்டால் மாதக் கணக்கில் இழுக்கும் என்பதால் குழு விசா. நாலு பேருக்கும் ஒரே தாள். முதல் பெயர் என்னுடையது.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. நாலு பேரும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்ப வேண்டும். ஒருவர் குறைந்தாலும் மற்ற மூவரையும் எல்லையில் இறக்கிவிடுவார்கள். விசாரணை முடியும்வரை படிப்பு அனுமதி நிறுத்தப்படும். பரீட்சைக்கு ஏழு வாரம்தான் இருக்கிறது. இப்போது ஊர் சுற்றத்தான் வேண்டுமா?

அக்காவிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். வகுப்பிலேயே மூத்தவர், அதனால் எல்லோருக்கும் அக்கா. இப்போது மூன்று வயதாகும் மகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர். என்னைவிட அவர்தான் பயப்பட வேண்டும். "ரெண்டு வருஷமா இந்த ஹாஸ்டல் சுவத்தையே பாத்துக்கிட்டிருக்கேன். நீ பயந்தா தனியா உக்காந்து பயப்படு, எங்களையும் சேத்துக்காத" என்றார்.

மார்ச் 6, வெள்ளி

வக்கீல் பெட்டி கட்டுகிறான். என் அறைத்தோழன், எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அந்தப் பெயர். இரண்டு நாள் பயணத்துக்குக் குக்கரை எடுத்து வைத்திருக்கிறான்.

"இது எதுக்குடா?"

"ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கலன்னா?"

"தங்கற இடத்துல அடுப்பே இல்லையே."

"இல்லன்னு நீ போய்ப் பாத்தியா?"

எங்கள் நாலாவது ஆள் டாக்டர், கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் படிப்பது கணக்கு. யார் தும்மினாலும் பையிலிருந்து மாத்திரையை எடுப்பாள், அதனால் டாக்டர். "விசில் சத்தம் கேட்டா என்னையும் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் சிரித்தேன்.

பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்தேன். மேல்தட்டு எனக்கு, கீழ்த்தட்டு அவனுக்கு. வக்கீலுடைய தட்டு காலி. ஈரத் துணியால் துடைத்தும் வைத்திருக்கிறான். அவனுடைய வெங்காயம், தயிர், பாதி எலுமிச்சம்பழம் எல்லாம் என் தட்டில்.

இரண்டே நாளில் திரும்புகிறவன் இதையெல்லாம் ஏன் காலி செய்ய வேண்டும்? அவனைக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

மார்ச் 7, சனி

எல்லையில் அதிகாரி பஸ்ஸுக்குள் ஏறினார். தாளைப் பார்த்தார், விரலை நீட்டி எங்களை ஒவ்வொருவராக எண்ணினார். தாளில் முத்திரை குத்திவிட்டு இறங்கினார்.

ஊர் அழகாகத்தான் இருக்கிறது. பாலம், ஆறு, கூட்டம் கூட்டமாகப் படம் எடுப்பவர்கள். அக்கா மகளுக்குக் கவுன் வாங்கினார். அளவு தெரியவில்லை. கடையில் யாரோ ஒரு குழந்தையைக் காட்டி, "இதைவிடக் கொஞ்சம் உயரமா இருப்பான்னு நினைக்கிறேன்" என்றார். நினைக்கிறாராம். டாக்டர் சட்டென்று வேறு ரேக்கைப் பார்க்கப் போய்விட்டாள்.

வக்கீல் ஒரு படம்கூட எடுக்கவில்லை. போனைப் பார்த்தபடியே நடந்தான்.

சாயங்காலம் விடுதிப் படிக்கட்டில் அவன் பேசியது கேட்டது. "காலையில வந்துடறேன் மாமா. துணிமணி எல்லாம் கையோட இருக்கு."

அறைக்கு வந்ததும் கேட்டேன். முதல் தடவையாக அவன் வாதாடவில்லை.

"ரெண்டு தடவை ஃபெயில்டா. மறுபடி எழுத விட மாட்டாங்க, மே மாசத்தோட அனுமதி முடியுது. அம்மாவுக்குத் தெரியாது. இங்க மாமாவுக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட கிடங்குல வேலை இருக்கு. பேப்பர் கேக்க மாட்டாங்க."

"எங்க கதி?"

"எதுவும் தெரியாதுன்னு சொல்லுங்க. விட்டுடுவாங்க."

"விட மாட்டாங்கடா. அக்காவ நினைச்சுப் பாத்தியா?"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பெண்கள் இருவரும் மேல்மாடியில் இருக்கிறார்கள். போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் சத்தம் வரும், விடுதிக்காரர் வருவார், போலீஸ் வரும். சொல்லாவிட்டால்? கதவுப் பக்கத்துக் கட்டிலில் நான் படுத்துக்கொள்கிறேன். என்னைத் தாண்டித்தானே போக வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு, காலை

போய்விட்டான். போர்வையை மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நான் எப்படித் தூங்கினேன்?

அதே நாள், மதியம்

இருவரிடமும் சொன்னேன். அக்கா படியில் உட்கார்ந்துவிட்டார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து சாயங்காலம்."

"நேத்து சாயங்காலம்" என்று அவரும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அதற்கு மேல் என்னை எதுவும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

நாலு மணிக்குப் பஸ். டாக்டர் விடாமல் அவனுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. அக்கா தன் நிலைமையை எழுதி அனுப்பினார். மூன்றே வரி. கெஞ்சவில்லை, குழந்தையின் பெயரைக்கூட எழுதவில்லை. பதில் இல்லை.

நான் தெருமுனைக்குத் தனியாகப் போய்க் கூப்பிட்டேன். எடுத்தான்.

"நாலு மணிக்குள்ள வரலன்னா உங்கம்மாவுக்குப் போன் போடுவேன். ஃபெயிலானது, ஓடிப்போனது எல்லாத்தையும் சொல்வேன். அவங்களுக்கு ஏதாவது ஆனா நான் பொறுப்பில்ல."

அவன் அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவர் நம்பரை அவனேதான் எனக்குக் கொடுத்திருந்தான்.

போனை வைத்துவிட்டான். என் குரல் இப்படிக்கூட வருமா? வேறு வழி இருந்ததா? தெரியல. எனக்கு ஒண்ணுமே தெரியல.

அதே நாள், பஸ்ஸில்

வந்துவிட்டான். டிரைவர் கதவை மூடப்போகும் நேரத்தில் பெட்டியோடு ஏறினான். அக்கா பக்கத்து இருக்கையிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "உக்காரு" என்றார். உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தான். என் பக்கம் திரும்பவில்லை.

எல்லையில் வேறொரு அதிகாரி. எண்ணினார். நாலு.

பஸ் நகர்ந்ததும் விசாத் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தேன்.

மார்ச் 9, திங்கள்

அவன் பேசவில்லை. ஃப்ரிட்ஜில் அவன் பொருட்களை அவன் தட்டுக்கு மாற்றி வைத்தேன். தொடவில்லை.

மார்ச் 21, சனி

அந்த மாமா இப்போது போனை எடுப்பதில்லையாம். கிடங்கு வேலைக்கு வேறு ஆளைச் சேர்த்துவிட்டார்கள். டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. ஒரே அறையில் இருக்கிறேன், எனக்கு வெளியிலிருந்து செய்தி வருகிறது.

ஏப்ரல் 21, செவ்வாய்

முதல் பரீட்சை. நான் கிளம்பும்போது அவன் கட்டிலில் உட்கார்ந்து சாக்ஸ் மடித்துக்கொண்டிருந்தான்.

மே 9, சனி

இன்று அவன் ஊருக்குப் போனான். அக்காவும் டாக்டரும் விமான நிலையம் வரை போனார்கள். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டேன். டாக்டர் மாத்திரை தரவில்லை.

மே 20, புதன்

முடிவு வந்தது. மூவரும் தேறிவிட்டோம். அக்கா மகளுக்குப் போன் போட்டு, அவளுக்கு என்ன புரியும் என்று பார்க்காமல், ஒவ்வொரு பாடமாக மார்க்கைச் சொன்னார்.

மே 24, ஞாயிறு

அவன் அம்மா கூப்பிட்டார். திரையில் அவர் பெயரைப் பார்த்தேன். எடுக்காமல் விட்டேன். மறுபடியும் வந்தது.

"தம்பி, நல்லாயிருக்கியா? வந்ததுலேருந்து இவன் யார்கிட்டயும் பேச மாட்டேங்கறான்பா. பாஸ் பண்ணாட்டி என்ன, உசிரா போச்சு? நான் சொன்னா ஏற மாட்டேங்குது. கூடவே இருந்தவன் நீ, நீ சொன்னாக் கேப்பான்."

வேண்டாம் என்று சொல்வதற்குள் போன் கை மாறிவிட்டது. அவன் கேட்டான்.

"ரிசல்ட் வந்துச்சா?"

"வந்துச்சு."

"அக்கா?"

"பாஸ்."

"டாக்டர்?"

"பாஸ்டா."

"சரி. அவங்க ரெண்டு பேருக்காகத்தான் பஸ் ஏறினேன். நீ மிரட்டினதுக்காக இல்ல."

என் ரிசல்ட்டைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. போன் திரும்பவும் அம்மா கைக்குப் போனது.

"பேசினானா தம்பி?"

"பேசினான்மா."