எஸ்தர் வீட்டுக் கூரைக்கு இரண்டு மனு

ஜூலை 8, செவ்வாய்

விடாத மழை. ஏலக்காய் ஸ்டோரில் எடை போடும் வேலை மதியத்தோடு முடிந்தது. எஸ்டேட் குடியிருப்பில் பக்கத்து லயத்து எஸ்தர் வந்தாள். கூரையில் நாலு ஓடு உடைந்து கட்டில்மேல் ஒழுகுகிறதாம். கட்டிலில் அவள் புருஷன் தாசன், இடுப்பொடிந்து இரண்டு வருஷமாகப் படுக்கை. எஸ்டேட் கைவிரித்துவிட்டது.

"பஞ்சாயத்துக்கு ஒரு அபேட்ச எழுதித் தாங்கக்கா. நீங்க எழுதுனா நடக்கும்."

உண்மைதான். கேரளப் பஞ்சாயத்து, மனு மலையாளத்தில் போகணும். லயத்தில் மலையாளத்தில் மனு எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வழக்கமாகப் போடுபவை:

- பணிவு, முதல் வரியிலேயே
- மூன்று ஆபத்து, வரிசையாக. இரண்டு போதாது, நாலு என்றால் நம்பமாட்டார்கள்
- "எந்த நேரமும்"
- கடைசியில் கேள்வி: உயிர் போனால் யார் பொறுப்பு?

நாலு ஓடு என்றால் யார் எழுந்து வருவார்கள்? சுவரில் விரிசல், மண்சரிவு, இடியும் கூரை என்று எழுதினேன். எஸ்தருக்கு மலையாளம் படிக்க வராது. படித்துக் காட்டவும் இல்லை. கையெழுத்துப் போட்டாள்.

சோப்பு தீர்ந்துவிட்டது. வாங்கணும்.

ஜூலை 11, வெள்ளி

இவ்வளவு சீக்கிரம் எந்த மனுவும் வேலை செய்ததில்லை. பஞ்சாயத்து ஓவர்சியர் வந்தார், வாசலில் நின்றபடியே பார்த்தார், நோட்டீஸ் ஒட்டினார். உயிருக்கு ஆபத்து, ஐந்து நாளில் வீட்டைக் காலி செய்யணும். பள்ளிக்கூடத்தில் முகாமாம். ஓடு பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

"இவரத் தூக்கிட்டு எங்கக்கா போவேன்? என்னதான் எழுதுனீங்க?"

நகலை எடுத்துத் தமிழில் சொன்னேன். கேட்டுவிட்டுப் புருஷனுக்குக் கஞ்சி வைக்கப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச் முடிந்து எஸ்தர் நேரே இங்கே வந்தாள். இரண்டாவது மனு. "மிகுந்த மனவேதனையுடன்" என்று ஆரம்பித்தேன்.

"வேணாம்க்கா. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. சொவரு நல்லா நிக்குது. நாலு ஓடு ஒடஞ்சிருக்கு. அவரால எந்திரிக்க முடியாது. ஓடு மாத்துனா போதும்."

நாலே வரி. நடுவில் ஏதாவது சேர்க்கக் கை துறுதுறுத்தது. சேர்க்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

பஞ்சாயத்து ஆபீஸ். ஓவர்சியர் இரண்டு மனுவையும் மேசையில் விரித்து வைத்தார்.

"ரண்டும் ஒரே கையெழுத்தாணல்லோ. ஏதாணு சத்யம்?"

எஸ்தர் தமிழிலேயே சொன்னாள். "இது நான் சொன்னது சார். அது அக்காவா எழுதுனது."

வெட்கம். தரையைப் பார்த்தேன். முதல் மனுவில் கூட்டி எழுதியது நான்தான் என்று எழுதிக் கொடுத்தால் வந்து சரியாகப் பார்ப்பாராம். கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் என் பெயர் போட்டு எழுதிய முதல் காகிதம். பணிவு கிணிவு எதுவும் வரவில்லை.

சாயந்தரம் வந்தார். உள்ளே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். நோட்டீஸைக் கிழித்தார். ஓடு அடுத்த வாரம்.

ஜூலை 16, புதன்

மழை வலுத்துவிட்டது. வேலைக்குப் போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் எஸ்தர் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். கெட்டியாகத்தான் இருக்கிறது. எழுதிக் கொடுத்த எனக்குத்தான் பயம்.