உறுப்புகளின் பெயரைப் படித்ததற்காகப் பூட்டப்பட்ட கணினி அறை

அனுப்புநர்:
திருமதி பிரஷாந்தினி சுகிர்தன்,
குளக்கட்டு வீதி, விளாத்திமடு,
துணுக்காய்.

பெறுநர்:
பிரதேச செயலாளர்,
பிரதேச செயலகம்,
துணுக்காய்.

விடயம்: விளாத்திமடு வாசிகசாலைக் கணினி அறையில் பெண்கள் படிப்பதற்கு விதிக்கப்பட்ட தடையை நீக்கக் கோருதல்

மதிப்பிற்குரிய அம்மணி,

1. என் கணவர் சுகிர்தன் இறுதி யுத்தத்தில் முள்ளந்தண்டில் காயப்பட்டு, இடுப்புக்குக் கீழ் இயக்கமற்றவர். அவரை விட்டுவிட்டு நாள் முழுவதும் வெளியே வேலை செய்ய இயலாது. ஆகவே வீட்டிலிருந்தே செய்யக்கூடிய மருத்துவக் கட்டணப் பட்டியலிடலை இணையவழியில் கற்று வருகிறேன். நோயாளிக்கு வைத்தியசாலை செய்த சிகிச்சையைக் குறியீடுகளாக்கிக் காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்பும் வேலை அது. பக்கத்து வளவிலுள்ள செல்வி ராஜினி பரமேஸ்வரனும் என்னுடன் சேர்ந்தார்.

2. எங்கள் வீடுகளில் இணையம் எடுபடாது; வேலை கிடைத்த பின்தான் தனி இணைப்பு எடுக்க வசதி வரும். குளக்கட்டில் ஏறினால் கிடைக்கும்; ஆனால் வகுப்பு நடக்கும் பின்னேரங்களில் யானை இறங்கும் இடம் அது. எனவே நிர்வாகத்தின் அனுமதியுடன் வாசிகசாலைக் கணினியில் வகுப்பைக் கேட்டு, வீட்டில் மீட்டுப் படித்தோம்.

3. கடந்த ஆனியில் உடலுறுப்புகள் பற்றிய பாடம் நடந்தது. கொழும்பிலிருந்து படிப்பிக்கும் ஆசிரியர் ஓர் ஆண். அவர் சொல்லும் ஆங்கிலப் பெயரை நாங்கள் தமிழ்க் கருத்துடன் திரும்பச் சொல்ல வேண்டும். அன்று மார்பு, கருப்பை என்பனவும் வந்தன. பத்திரிகை பார்க்க வந்த ஒருவர் யன்னலோரம் நின்று கேட்டிருக்கிறார். மறுநாளே நாங்கள் யாரோ ஆணுடன் கூடாத கதை கதைப்பதாகக் கடையடியில் பேச்சானது.

4. வாசிகசாலைத் தலைவர் திரு. தில்லைநாதன் அறையைப் பூட்டினார். பாடக் குறிப்புகளைக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் வாங்கிப் பார்க்கவில்லை. "நீங்கள் என்னத்தையும் படியுங்கோ பிள்ளை. இங்க வேண்டாம். நாளைக்கு ஊர் என்னைத்தான் கேக்கும்" என்றார். அவர் கெட்டவர் அல்லர். என் கணவரை வாகனத்தில் ஏற்ற இன்றும் முதலில் ஓடிவருபவர் அவரே. அதனாலேயே அந்தச் சொல் எனக்குக் கூடுதலாக வலித்தது.

5. ராஜினியின் அண்ணன் அரிசி ஆலையில் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு வந்து, தங்கையின் தொலைபேசியைப் பறித்து, படிப்பை நிறுத்திவிட்டார். என்னைவிடக் கெட்டிக்காரியான அவர் இப்போது விடியவே ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நிற்கிறார். அவரது பெற்றோர் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் என்பதைச் சேர்த்தும் சிலர் பேசுகிறார்கள். அந்தச் சொற்களை இங்கு எழுத எனக்குக் கை வரவில்லை.

6. நானும் விட்டுவிடலாம் என்றே இருந்தேன். கணவர்தான் விடவில்லை. "ஒவ்வொரு சொல்லையும் என்னட்டைத்தானே சொல்லிப் பாடமாக்கினனீ. அதில என்ன கூடாத கதை இருந்தது? மேலிடத்துக்கு எழுது" என்றார். இறுதிப் பரீட்சை அடுத்த மாதம்.

7. ஆகவே, பரீட்சைக்கு முன் அந்த அறையைத் திறக்கப் பணிக்குமாறும், தாங்களோ தங்கள் உத்தியோகத்தரோ ஒருமுறை பொதுக்கூட்டத்துக்கு வந்து, நாங்கள் செய்தது படிப்பு என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லுமாறும் பணிவுடன் கேட்கிறேன். அறை மட்டும் திறந்தால் நான் போவேன். ராஜினியை வீட்டார் விடமாட்டார்கள்.

8. இம்மனுவில் ராஜினியும் ஒப்பமிட வந்தார். கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்திருந்துவிட்டு, "அண்ணா அறிஞ்சா வேலைக்கும் விடமாட்டார் அக்கா" என்று திருப்பித் தந்தார். அவருடைய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். தாங்கள் வந்து பேசிய பின் அவர் ஒப்பமிடுவார் என நம்புகிறேன்.

தங்கள் வருகையை எதிர்பார்க்கும்,

(ஒப்பம்) பிரஷாந்தினி சுகிர்தன்
................................

இடம்: விளாத்திமடு
திகதி: 11.08.2025