கை தட்டிவிட்டுச் சும்மா நிற்கிறார்கள்

ஒக்டோபர் 7, செவ்வாய்

விடியவே தூறல். ஹவுன்ஸ்லோ பஸ் வரவில்லை, ஏர்போர்ட் கடைக்குப் பிந்திப் போய் மனேஜரிடம் ஏச்சு. வாங்க வேண்டியது: பால், பாண், தலையிடிக் குளிசை.

இடைவேளையில் ரூபன் டோக்கியோவிலிருந்து வீடியோ கோல். கல்யாணம் கட்டி ஆறு வருஷத்தில் இப்படித் தொங்கிய முகம் பார்த்ததில்லை. அவருடைய இசைக்குழுவுக்கு ஜப்பானில் நேற்று முதல் கச்சேரி. நிலக்கீழ் மண்டபம். ஒரு குழுவுக்கு அரை மணித்தியாலம்தான், கொஞ்சம் கூடினாலும் கையைக் காட்டி நிறுத்துவார்களாம். டிரம்ஸ் எல்லாக் குழுவுக்கும் பொது. சாமான்களோடு ரயில் மாறி மாறித் தோள் வீக்கம். அதெல்லாம் பரவாயில்லையாம். சனம்தான்.

"ஒருத்தரும் அசையேல்லை. பாட்டு முடிய அளவாக் கை தட்டிச்சினம், பிறகு கப்சிப். செத்தவீட்டில பாடின மாதிரி."

இங்கே பப்பில் பாட்டை விடப் பேச்சுச் சத்தம்தான் கூட. அதற்கே பழகிய மனுஷன். பாவம்.

ஒக்டோபர் 9, வியாழன்

வெயில், ஆனால் கொடுங்குளிர். குளிசை வாங்க மறந்துபோனேன்.

நேற்று ஒசாகாவில் ரூபன் தன்னுடைய தமிழ்ப் பாட்டைக் கடைசி நேரத்தில் வெட்டிவிட்டாராம். அதைப் பாடாமல் ஒருநாளும் மேடை இறங்காதவர்.

"ஆருக்கு விளங்கப்போகுது? நாளைக் கச்சேரியோட நான் வாறன். மிச்ச மூண்டையும் நிப்பாட்டச் சொல்லிப்போட்டன். இந்த மியூசிக் பாண்டும் போதும்."

வரட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். தனிய இருந்து அலுத்துவிட்டது. ஆனால் இப்படி வந்தால் பிறகு கிட்டாரைத் தொடமாட்டார். எனக்காக நாளைக்கு அந்தப் பாட்டைப் பாடச் சொல்லிக் கெஞ்சினேன். அரைமனதாகச் சம்மதம். அவர்களோடு திரியும் மொழிபெயர்ப்பாளர் மிக்கியிடம், போனில் எனக்கு நேரடியாகக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஒக்டோபர் 10, வெள்ளி

பதினொரு மணிக்கு பிரேக், அங்கே இரவு ஏழு. ஸ்டாஃப் ரூமில் ஒரே சூப் மணம். மிக்கி மேடை ஓரத்தில் நின்று போனைப் பிடித்தாள். ரூபன் கண்ணை மூடிக்கொண்டு பாடினார், வழக்கம்போல. கொஞ்சம் சனத்தின் பக்கம் திருப்பச் சொல்லி மெசேஜ் போட்டேன்.

ஒருவரும் அசையவில்லை, உண்மைதான். ஆனால் எல்லாருடைய வாயும் அசைந்தது. தமிழ்ப் பாட்டு. இணையத்தில் கேட்டுப் பாடமாக்கியிருக்கிறார்களாம். முன்வரிசையில் ஒரு பெண்ணின் கன்னமெல்லாம் கண்ணீர். சத்தமாகப் பாடினால் பக்கத்தில் நிற்பவருக்கு ரூபனின் குரல் கேட்காதே என்றுதான் வாயை மட்டும் அசைத்தார்களாம், மிக்கி பிறகு எழுதினாள்.

மேடை இறங்கியதும் ரூபனே கோல் எடுத்தார்.

"பாத்தீரே? இண்டைக்கும் அதே கதைதான்."

"அவையளும் பாடினவையப்பா. சத்தம் போடாமல், தமிழில, உங்களோட சேந்து."

முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"எந்த இடத்தில?"

"முழுக்க."

முகம் மறைந்து போனில் கூரை தெரிந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம். எனக்கும் அழுகை. மிச்சக் கச்சேரிகளையும் முடித்துவிட்டு வாருங்கள் என்றேன். ஓம் என்றார்.

இன்னும் ஒரு கிழமை தனிய. சமைக்கப் போவதில்லை. பாணும் சம்பலும்தான்.