தருவோம் என்று எழுதிய கணக்கு

உனக்குத் தரவேண்டிய பணத்தைத் தராமல் வைத்துக்கொண்டு, அந்தத் தராத பணத்திலிருந்தே தனக்கு ஒரு சொத்தைக் காட்டுகிறது நம் கம்பெனி. கோபத்தில் சொல்லவில்லை. இந்த வருட பேலன்ஸ் ஷீட்டில் அச்சாகியிருக்கிறது.

இன்று காலை வேலூரிலிருந்து ஆடிட்டர் வந்து, வேலையை விட்டுப் போகிறவர்களுக்குத் தரவேண்டிய கிராஜுவிட்டி பட்டியலைக் கேட்டார். உன் மேசை டிராயரைத் திறந்தேன். நீ நெற்றியில் தேய்க்கும் தலைவலித் தைலத்தின் வாசனை இன்னும் அந்தத் தாளில் இருக்கிறது. முப்பத்தொரு பேர். பதினேழாவதாக உன் பெயர், உன் கையெழுத்திலேயே. காய்ச்சல் உன்னை மூன்று நாளில் கொண்டுபோய் இரண்டு மாதமாகிறது.

நீ அதைப் போட்டது மார்ச் கடைசியில். கீழே சாயப் பட்டறையிலிருந்து வந்த ஆவியில் மாடி அறை வெந்துகொண்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகாதவர்களையும் நீ பட்டியலில் சேர்த்திருந்தாய். ஐந்து வருடம் இருந்தால்தானே கிராஜுவிட்டி, நீயும் நானும் இதில் எதற்கு என்று சிரித்தேன். நீ தலை தூக்கவில்லை.

“செத்துட்டா அஞ்சு வருசக் கணக்கு கெடையாதுடி. வீட்டுக்குக் குடுத்தே ஆவணும். இன்னாத்த படிச்சிகினு வந்தியோ நீ.”

முதலாளிக்குப் பட்டியல் பிடிக்கவில்லை. இதை எழுதினால் லாபம் குறைகிறது, ஆனால் கட்டுகிற வரி குறையவில்லையே என்று குதித்தார். நெசவாளிக்குப் பட்டும் ஜரிகையும் நிறுத்துக் கொடுத்து, புடவையை மறுபடி நிறுத்து வாங்கி, ஒரு கிராம் குறைந்தாலும் கூலியில் பிடிக்கிற ஆள். நீதான் பொறுமையாக விளக்கினாய். கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவதை நாம் இந்த வருடமே செலவாக எழுதுகிறோம். வருமான வரித் துறையோ, பணம் கொடுத்த பிறகுதான் அதைச் செலவு என்று ஒப்புக்கொள்ளும். ஆகவே இப்போது வரி அதிகம், கொடுக்கும் வருடத்தில் குறைவு. பின்னால் குறையப்போகிற அந்த வரியை, ஒத்திவைத்த வரிச் சொத்து என்று இன்றே காட்டலாம். நூறு ரூபாய் ஒதுக்கினால் சுமார் இருபத்தைந்து ரூபாய் சொத்து. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு என்றாய். பணத்தைக் கொடுப்போம், கொடுக்கும்போது லாபமும் இருக்கும் என்று நம்பத் தகுந்த நிச்சயம் வேண்டும்.

நிபந்தனை அவர் காதில் ஏறவில்லை. சொத்து என்ற சொல் ஏறியது. டீ வாங்கிவரச் சொன்னார்.

படியிறங்கும்போது நீ சொன்னாய்: “பாத்தியா, குடுக்காத வரைக்கும் நாமதான் அவருக்கு சொத்து.” இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சம்பளம் வாங்குகிறவர்கள் இப்படித்தான் சிரித்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள்.

இன்று ஆடிட்டர் பென்சிலால் அந்தச் சொத்தைத் தட்டி, இது நிச்சயமா என்று முதலாளியிடம் கேட்டார்.

“கண்டிப்பா குடுப்போம் சார். தொழிலாளி பணம். அதுல இன்னா சந்தேகம்?”

ஆடிட்டர் டிக் அடித்தார்.

அதே நேரத்தில் உன் அம்மா கீழே தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். போளூர் பக்கத்திலிருந்து, நடவுக்கூலி ஒருநாள் போக, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். இது நான்காவது முறை. முதல் மூன்று முறையும் வாய்தா. இன்று மேனேஜர் முடித்தே விட்டார். “அஞ்சு வருசம் ஆவலம்மா. மூணு வருசம் எட்டு மாசம்தான். சட்டத்துல இடமில்லன்னு முதலாளியே சொல்லிட்டாரு.”

உன் அம்மா அவரோடு வாதாடவில்லை. ஃபைலோடு இறங்கி வந்த என்னைப் பார்த்தார்.

“கண்ணு, எம் பொண்ணு பேரு உங்க கணக்குல இருக்குதா இல்லியா? அத மட்டும் சொல்லு.”

இருக்கிறது என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. உன்னைச் சுடுகாட்டுக்கு எடுத்த அன்றைக்கே, உன் பணம் வீட்டுக்குச் சேரவேண்டும் என்று எனக்குத் தெரியும். வண்டிக் கடன் இருந்தது, ஆரணியில் இதைவிட்டால் வேறு வேலை எங்கே என்ற பயம் இருந்தது, வாயை மூடிக்கொண்டிருந்தேன். மாலை போட்ட உன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து அழுதவள்தான் நான். அழுவதற்குச் செலவில்லை.

உன்னைப் பற்றி எல்லோரும் நல்ல பெண், அமைதியான பெண் என்கிறார்கள். எனக்கு அந்த அமைதி நினைவில்லை. முதலாளி கத்தும்போதும் பட்டியலிலிருந்து ஒரு பெயரைக்கூட அடிக்காத உன் கை நினைவிருக்கிறது. உன்னிடமிருந்து நான் வைத்திருப்பது அதுவும், செத்துட்டா அஞ்சு வருசக் கணக்கு கெடையாது என்ற சட்டமும்தான். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் உன் பெயரில் பணம் கொடுப்பதற்கான வவுச்சர் எழுதினேன். உன் அம்மாவை முன்னால் விட்டு, பின்னால் படியேறினேன்.

ஆடிட்டர் பையை மூடிக்கொண்டிருந்தார். பேலன்ஸ் ஷீட் முதலாளியின் கையெழுத்துக்காகத் திறந்து கிடந்தது. அதன்மேல் வவுச்சரை வைத்தேன். உன் அம்மாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்; அவர் உட்காரவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார், வவுச்சரைப் பார்த்தார், பிறகு செல்போனை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். ஆடிட்டர் பை ஜிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

“கண்டிப்பா குடுப்போம்னு இப்பதான் இவர்கிட்ட சொன்னீங்க,” என்றேன். “அதையே இந்த அம்மாகிட்டயும் சொல்லுங்க சார்.”

செல்போனில் அவர் விரல் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

“சொல்லுங்க,” என்றேன் மறுபடி.