பினாயில் போட்ட டாங்க்

ஸ்ரீராம்புரம், பெங்களூரு
அக்டோபர் 25

என் பிரியமான தாரணிக்கு,

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. பஞ்சாபில் இறங்கிய நாளிலிருந்து உன்னைப் பிடித்துக்கொண்ட ஜலதோஷம் விட்டதா? வெந்நீர்தான் குடிக்கிறாயா? உங்கள் ஆபீஸ் ஹரிஷ் நாளைக் காலை அங்கே கிளம்புகிறார். இந்தக் கடிதத்தையும் ஒரு புது ஸ்பிரேயர் டாங்க்கையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்ல மூன்று முறை முயன்றேன். உன் குரலைக் கேட்டதும் சமையல் கேஸ் வந்ததா, பால் திரிந்ததா என்று பேசி வைத்துவிட்டேன்.

போன திங்கட்கிழமை நீ அழுதாயே, அதைத்தான் சொல்லவேண்டும். வைக்கோலை மக்கவைக்கும் உன் கிருமிப் பொடியை இரண்டு ஏக்கரில் ஒரே மாதிரி கரைத்து அடித்தாய். நிலத்துக்காரர் சர்தார்ஜியின் டாங்க்கால் அடித்த ஏக்கரில் வைக்கோல் கறுத்து மக்குகிறது. நான் இங்கிருந்து அனுப்பிய நம் டாங்க்கால் அடித்த ஏக்கரில் அறுத்த அன்று இருந்தபடியே நிற்கிறது. கோதுமை விதைக்க நாள் நெருங்குகிறது, அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை தீ வைத்துவிடுவேன் என்று அவர் சொன்னதாகச் சொன்னாய். அப்புறம், "என் கிருமி தோத்துப்போச்சுங்க, வேலையை எழுதிக் கொடுத்துட்டு வந்துடறேன்" என்றாய்.

உன் கிருமி தோற்கவில்லை தாரணி. அதைக் கொன்றவன் நான்.

டாங்க்கைத் தண்ணீர் மட்டும் விட்டுக் கழுவி அனுப்பச் சொல்லியிருந்தாய். ஆனால் அது ஆயுத பூஜைக்கு முதல் நாள். பீன்யாவில் அன்று பட்டறை பட்டறையாக என்ன அமர்க்களம் என்று உனக்குத் தெரியும். லேத்தை மண்ணெண்ணெயில் துடைத்து, தரையைப் பினாயில் விட்டுக் கழுவினோம். என் பெண்டாட்டியின் டாங்க் மட்டும் அழுக்காகப் பூஜைக்கு உட்காரலாமா? மிச்சமிருந்த பினாயிலை அதில் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினேன். வாசனை போய்விடுமே என்று அலசக்கூட இல்லை. மூடியை இறுக்கி, பொட்டு வைத்து, சிவப்புப் பெயிண்டில் உன் பெயரும் எழுதி, பட்டறையில் எல்லோருக்கும் காட்டினேன். உனக்கோ மூக்கு அடைத்திருந்தது, பினாயில் வாசனை தெரிந்திருக்காது. என் புத்தி எங்கே போயிற்றோ!

சும்மா உன்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறேன் என்று நினைப்பாய். அதனால் சோதித்தும் பார்த்துவிட்டேன். நீ பிரிட்ஜில் வைத்துவிட்டுப்போன பொடியை எடுத்தேன். பால்காரர் கொட்டகையில் வைக்கோல் வாங்கி வந்தேன். இரண்டு பக்கெட்டில் ஒன்றில், அந்த டாங்க்கில் செய்தது போலவே பினாயில் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினேன். மற்றது வெறும் தண்ணீரில் கழுவியது. இரண்டிலும் வைக்கோலைப் போட்டு, பொடியைக் கரைத்துத் தெளித்து மாடியில் வைத்தேன். பக்கத்து வீட்டு மமதா, என்ன ரீ, பெண்டாட்டி ஊருக்குப் போனதும் மாடு வாங்கப்போகிறீர்களா என்று கன்னடத்தில் கேட்டுச் சிரிக்கிறார்.

இன்று ஐந்தாம் நாள். தண்ணீரில் கழுவிய பக்கெட்டில் வைக்கோல் மேல் பஞ்சு பூத்தது போல வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. இரண்டு விரலால் நசுக்கினால் துண்டாகிறது. பினாயில் பக்கெட்டில் ஒன்றுமில்லை. மமதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், இது என் மனைவி ஆறு வருஷம் லேபில் வளர்த்தது, ஊர் ஊராக வைக்கோல் எரிக்கும் புகையை நிறுத்தப்போவது இதுதான் என்றேன். அந்தம்மா மூக்கைப் பொத்திக்கொண்டே தலையாட்டினார். ஐ.டி.ஐ. படித்தவன் எனக்கே பெருமை தாங்கவில்லை, படித்த நீ அழலாமா?

இரண்டு பக்கெட்டின் போட்டோவும் இதோடு இருக்கிறது. சர்தார்ஜியிடம் நேராகப் போய்க் காட்டு. தப்பு என் புருஷன் கோதண்டராமனுடையது என்று பெயர் சொல்லியே சொல்லு, எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. விதைப்புக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது என்றாயே, அந்த ஏக்கரில் மறுபடி அடிக்க விடும்படி கேள். புது டாங்க்கை வெந்நீரில் நான்கு முறை அலசியிருக்கிறேன், சாமி படத்துக்குக்கூடக் காட்டவில்லை.

ராஜினாமா எழுதியிருந்தால் கிழித்துப் போடு. வீடு வெறிச்சென்றுதான் இருக்கிறது, ஒரு ஆளுக்குச் சமைக்க எனக்கு அளவே தெரியவில்லை. இருந்தாலும் அந்த ஏக்கர் மக்காமல் நீ வந்து நின்றால் நான் கதவைத் திறக்கமாட்டேன். ஜெயித்துவிட்டு வா, கண்ணு.

என்றும் உன்
கோதண்டராமன்